ஐந்தாவது புள்ளி

மாசிலாமணியின் கைகளை நான் இரண்டே முறைதான் உற்றுப் பார்த்திருக்கிறேன். முதல் முறை 1956 ஆகஸ்டில், அந்தக் கைகள் அழுக்கு என்று ஒரு காகிதம் சொன்ன அன்று. இரண்டாம் முறை பத்து வருஷம் கழித்து, திண்டிவனத்தில், ஒரு சோடாக் கடையில். அந்தக் காகிதத்தை டைப் அடித்தவளே நான்தான். நடுவில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே வரும். பொறுக்க முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

விழுப்புரத்துக்கு வெளியே, கோலியனூர் போகிற வழியில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் ஆலை முதலாளி ஒருவர் தன் தகப்பனார் நினைவாக ஓர் ஆராய்ச்சிக் கூடம் வைத்திருந்தார். சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகில் ஈஸ்ட் வளர்த்து, புண்ணாக்கோடு கலந்து மாட்டுக்குப் போட்டால் பால் கூடுமா என்று பார்ப்பதுதான் அவர் ஆசை. அதற்குத் தலைவராக வந்தார் டாக்டர் விருத்தாசலம். சீமையில் படித்தவர். வந்த மூன்றாம் மாதமே மாட்டையும் புண்ணாக்கையும் ஓரங்கட்டிவிட்டு, ஈஸ்ட்டுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. என்கிற பொருளைத் துருவ ஆரம்பித்துவிட்டார். முதலாளிக்கு அது புரியவில்லை. புரியாததால் ரொம்ப மரியாதை வைத்திருந்தார்.

நான் தையல்நாயகி, கோலியனூர்க்காரி. சொந்தமாக நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, இருபத்தோரு வயதில் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மாசிலாமணி அங்கே லேப் அட்டெண்டர். திண்டிவனத்துப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவர், கிறிஸ்தவர், மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அந்த மனிதரை நான் “மாசிலாமணி, அந்த ஃபைலை எடு” என்பேன். அவர் என்னை “அம்மா” என்பார். அப்போது அது எனக்குக் கொஞ்சமும் தப்பாகத் தோன்றவில்லை.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. குடிக்கிற தண்ணீர்ப் பானை என் மேஜைக்குப் பின்னால் இருக்கும். மாசிலாமணி அதைத் தொடமாட்டார். தொடக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. அவருக்குத் தாகம் எடுத்தால் வராந்தாவில் கையைக் குவித்து நிற்பார். நான் சொம்பில் மொண்டு, ஒரு முழம் மேலேயிருந்து ஊற்றுவேன். வேடிக்கையைக் கேளுங்கள், சோதனைக்கு வேண்டிய காய்ச்சி வடித்த நீர் அத்தனையும் அவர் கையால் இறக்கியதுதான். டாக்டரின் ஒவ்வொரு கண்ணாடிக் குழாய்க்குள்ளும் போனது அந்த நீர். அதற்குத் தீட்டு இல்லை.

அவர் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வை அமிலத்தில் உடைத்து, அதில் ஒரு சொட்டை நீளமான வடிதாளின் தலைமாட்டில் வைப்பார். தாளை ஆளுயரக் கண்ணாடிச் சாடிக்குள் தொங்கவிட்டு, மேலேயிருந்து ஒரு கரைசலை மெல்ல இறங்கவிடுவார். ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். சொட்டில் இருந்த சரக்குகளும் கரைசலோடு இறங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரம் போய் நின்றுகொள்ளும். தாளைக் காயவைத்து இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் பிடித்தால், சரக்கு நின்ற இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பென்சிலால் வட்டம் போட்டு, வெட்டி எடுத்து, எது எவ்வளவு என்று அளப்பார்கள். அந்தக் கரைசலுக்குச் சாராய வாடை. மதுவிலக்குக் காலம் வேறு. பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது மாசிலாமணியை நிறுத்தி வாயை ஊதச் சொல்லுவார். சனிக்கிழமை ஆனால் கண்டமங்கலம் தாண்டிப் புதுச்சேரிக்குக் காரில் போய்த் தாகசாந்தி பண்ணிக்கொண்டு வந்த டாக்டரை ஒருவரும் ஊதச் சொன்னதில்லை.

தாளில் நாலு புள்ளி வரவேண்டும். ஆர்.என்.ஏ. நாலே எழுத்தில் எழுதப்பட்டது, ஐந்தாவது எழுத்து கிடையாது. அது டாக்டர் படித்த பாடம்.

மாசிலாமணி போட்ட தாளில் ஐந்து வந்தது.

“என்னடா இது?” என்று டாக்டர் கத்தியது என் மேஜை வரைக்கும் கேட்டது.

“தெர்லீங்க சார். தினத்துக்கும் வருதுங்க.”

“உன் விரல் பட்ட இடம். கையைக் கழுவுறியா இல்லையா நீ?”

“இடுக்கியாலதான் சார் புடிக்கிறேன். கைபடவே இல்ல. கை அழுக்குன்னா தினத்துக்கும் ஒரே எடத்துலயா சார் வந்து ஒக்காரும்?”

எட்டாவது படித்தவர் கேட்ட கேள்விக்குச் சீமையில் படித்தவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் பெரிய மனிதர்களுக்கு வருமே, அந்தக் கோபம் வந்தது. நாலு புள்ளிகளை மட்டும் வெட்டி நோட்டில் ஒட்டச் சொன்னார். ஐந்தாவது புள்ளி குப்பைக் கூடைக்குப் போனது. இப்படியே ஆறு மாதம். நாலையும் கூட்டினால் நூறு வரவேண்டும், தொண்ணூற்றாறுதான் வந்தது. டாக்டர் ஒரு கட்டுரை எழுதிச் சீமைப் பத்திரிகைக்கு அனுப்பினார். மிச்சம் நாலு எங்கே போயிற்று என்று கேட்டு அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கடிதம் வந்த நாள் ஆகஸ்ட் பதினாலு. டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு மெமோ சொன்னார், ஆங்கிலத்தில். நான் கார்பன் வைத்து இரண்டு படி அடித்தேன். ‘அட்டெண்டர் மாசிலாமணி கையாண்ட தாள்களில் நான்கு புள்ளிகளோடு ஐந்தாவதாக ஒரு புள்ளி காணப்பட்டது. இன்று முதல் இவர் சேவை தேவையில்லை.’ அவ்வளவுதான். இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். கார்பன் படி ஃபைலுக்குப் போய், ஃபைல் பீரோவுக்குள் போனது. மற்றதை மாசிலாமணியிடம் கொடுத்தேன்.

அவர் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார்.

“காரணம் போடலீங்களே சார். வேற எடத்துல வேலைக்கிப் போனா இன்னாத்துக்கு நிறுத்துனாங்கன்னு கேப்பாங்க. காரணம் எழுதிக் குடுங்க சார்.”

டாக்டர் அந்தத் தாளை வெடுக்கென்று பிடுங்கினார். பேனாவைத் திறந்து, தன் கையெழுத்துக்குக் கீழே ஆங்கிலத்திலேயே இரண்டு வரி எழுதினார். அதற்கு ஒரு சுருக்கொப்பம், தேதி. என்னிடம் நீட்டி, “குடு அவன்கிட்ட” என்றார்.

வாங்கிப் படித்தேன். ‘ஐந்தாவது புள்ளி இவன் கையின் அழுக்கு. இவன் பிறந்த கூட்டத்துக்குச் சுத்தம் என்பது தெரியாது.’

படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. இடுக்கியால் பிடித்ததைப் பார்த்தவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளை மேஜை ஓரத்தில் வைத்தேன், அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. விரல் படக்கூடாதல்லவா! அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். ஓயாமல் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. இடது கையில் அமிலம் பட்ட தழும்பு. என் கை அதைவிட அழுக்கு, ரிப்பன் மசி ஏறியிருந்தது.

அவர் வராந்தாவுக்குப் போனார். அழவில்லை. என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

“ஒண்ணு சொல்றம்மா. அது அழுக்கு இல்லன்னு இந்தாளு தன் வாயால சொல்லணும். நாலு பேரு முன்னாடி, தமிழ்ல சொல்லணும். அது வரிக்கும் இந்தக் காயிதத்தைக் கிழிக்க மாட்டேன். எத்தினி வருசம் ஆனாலும் சரி.”

போய்விட்டார். அன்று சம்பளத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் வேலை காலி இருந்தது. அங்கே போய் மெமோவைக் காட்டினார். தலைமை ஆசிரியர் படித்துவிட்டுத் தாளை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். காட்டாமல் போன இடத்தில், “முன்னே எங்கே இருந்தே, சர்ட்டிபிகேட் எங்கே” என்றார்கள். கடைசியில் அவர் மனைவி ஜெயத்துக்கு உறவுக்காரரான அந்தோணிசாமி திண்டிவனத்தில் வைத்திருந்த சோடாக் கடையில் பாட்டில் கழுவ நின்றார். அங்கேயும் விடவில்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போன எந்த நாக்கோ அங்கே போய்ச் சொல்லிவிட்டது. வருகிறவர்கள் பாட்டில் வாயைத் துண்டால் துடைத்துவிட்டுக் குடிப்பார்களாம். அவர் அவர்கள் கண் முன்னாலேயே ஒரு பாட்டிலை மூன்று தண்ணீரில் கழுவுவாராம். வீட்டுக்குப் போயும் கையைக் கழுவுவாராம், தோல் வெடிக்கிற மட்டும்.

ஜெயம் எனக்கு இதெல்லாம் பிற்பாடு சொன்னாள். “கர்த்தர் பாத்துக்குவாரு, உட்டுடு மாமா” என்று அவள் சொன்னபோது, “கர்த்தரும் பாத்துக்கட்டும், நானும் பாத்துக்கறேன்” என்றாராம்.

நான் அங்கேயே வேலையில் இருந்தேன். எங்கே போவேன்? சீமைப் பத்திரிகைகள் கப்பலில் வரும். டாக்டர் அவற்றைப் படித்துச் சுருக்கம் சொல்லுவார், நான் டைப் அடிப்பேன். 1958 ஆரம்பத்தில் ஒரு நாள், சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஈஸ்ட்டின் ஆர்.என்.ஏ.வில் நாலு எழுத்து போக ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அளந்து பார்த்திருக்கிறார்கள், நூற்றுக்கு நாலு பங்கு போல.

என் விரல்கள் மெஷின் மேல் நின்றுவிட்டன. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“இதை ஃபைல் பண்ண வேணாம்” என்றார்.

படுபாவி! அன்றைக்கே ஒரு தபால் கார்டு போட்டிருந்தால் ஒரு மனிதன் தலை நிமிர்ந்திருப்பான். போடவில்லை. நான் மட்டும் யோக்கியமா? அந்தச் சுருக்கத்தின் கார்பன் படியை, அவர் இருப்பதாகக் காதில் விழுந்த திண்டிவனம் சோடாக் கடைக்குத் தபாலில் அனுப்பினேன், என் பெயர் போடாமல். பயம். ஆனால் எங்கள் மெஷினில் ஓர் எழுத்து எப்போதும் கொஞ்சம் தூக்கி விழும். அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். ஒரு கார்டு வந்தது. ‘ஒரே இடத்தில் வருகிறது என்று அன்றே சொன்னேன். மேலும் வந்தால் அனுப்பவும்.’

அனுப்பினேன். ஏழெட்டு வருஷம் அனுப்பினேன். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. உயிரணுவின் நடுவே டி.என்.ஏ. என்று ஒரு மூலப்படி இருக்கிறது. அதைப் பார்த்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படுகிறது. நகல் எடுத்து முடிந்தபின் சில நொதிகள் அதன்மேல் வந்து உட்கார்ந்து வேலை செய்கின்றன. ஓர் எழுத்தைக் கழற்றி, திருப்பி, அதே இடத்தில் மாட்டுகின்றன. அதுதான் ஐந்தாவது புள்ளி. வேறு எழுத்துகளுக்கு மெத்தில் என்று ஒரு சின்னக் குஞ்சம் கட்டுகின்றன. இதெல்லாம் மூலப்படியில் கிடையாது. 1965-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆர்.என்.ஏ.வை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டார்கள். அதற்குள் இப்படி மாற்றிய எழுத்துகள் பல இருந்தன.

இது டாக்டருக்குப் புரிந்ததைவிட எனக்கு நன்றாகப் புரிந்தது என்று திமிராகவே சொல்லுவேன். டைப்பிஸ்டுக்குத் தெரியாத நகல் சமாசாரமா? மூலப்படி பீரோவை விட்டு வெளியே வராது. மெஷினிலிருந்து உருவின நகலை அப்படியே அனுப்பினால் எந்த ஆபீசும் மதிக்காது. சுருக்கொப்பம், ரப்பர் ஸ்டாம்பு, சிவப்பு மசியில் ஒரு நம்பர், இவ்வளவும் அதன்மேல் ஏறவேண்டும். ஒன்றுகூட பீரோவில் இருக்கிற படியில் இருக்காது. எல்லாம் அடித்து முடித்த பிறகு போடுவது. உயிரணு எதற்காக அப்படிச் செய்கிறது என்பது அந்த வருஷங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் அது வேண்டுமென்றே செய்கிற வேலை, அழுக்கு இல்லை என்பது தெரிந்துவிட்டது. இதை நான் இப்படியே தமிழில் எழுதி அனுப்பினேன். பதில் கார்டில் ஒரு வரிதான். ‘அந்தாளுக்கும் தெரியுமில்ல?’

தெரியும். தெரிந்ததோடு நிற்கவில்லை.

1966-இல் எங்கள் கூடத்தைச் சர்க்காரே எடுத்துக்கொண்டு பெரிய நிறுவனமாக்கப் போகிறது என்று பேச்சு வந்தது. டைரக்டர் பதவிக்கு டாக்டர் விண்ணப்பம் போட்டார். டைப் அடித்தவள் நான். மூன்றாம் பக்கத்தில் சொன்னார், ‘ஈஸ்ட் ஆர்.என்.ஏ.வின் ஐந்தாவது புள்ளியை உலகத்தார் அறியுமுன்பே, 1956-இல் இந்தக் கூடத்தில் நான் கண்டேன்.’

அடப்பாவி! என் விரல் கூசியது. மாசிலாமணி கண்டதை அழுக்கு என்று குப்பையில் போட்டவர், பத்து வருஷம் கழித்துக் குப்பைக் கூடைக்குள் கைவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்கிறார். அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழைகூட விடவில்லை.

டெல்லியிலிருந்து பதில் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு வரும், தேதியிட்ட ஆதாரம் காட்டவேண்டும். நோட்டைப் புரட்டினார் டாக்டர். பக்கத்துக்குப் பக்கம் நாலு புள்ளிதான் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் கூண்டுப் புலி மாதிரி நடந்தார். மூன்றாம் நாள் முகம் மலர்ந்துவிட்டது.

“தையல்நாயகி, அந்த அட்டெண்டரை நிறுத்தினப்போ ஒரு மெமோ போட்டோமே, காப்பி இருக்கா?”

பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். கார்பன் படி. ஐந்தாவதாக ஒரு புள்ளி காணப்பட்டது, கையெழுத்து, தேதி. அழுக்கு என்ற பேச்சே அதில் இல்லை.

“பார்த்தியா! தேதியோட இருக்கு!” என்றார், குழந்தை மாதிரி.

அவருக்கு அந்த இரண்டு வரி சுத்தமாக மறந்துபோயிருந்தது. துப்பினவனுக்கு மறந்துவிடும், துடைத்தவனுக்குத்தான் மறக்காது. ‘சார், கையில கொடுத்த தாளில் நீங்க பேனாவால எழுதினது இருக்கு’ என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பத்து வருஷம் முன்பு பேசவேண்டிய நேரத்தில் பயந்து மூடின வாயை, இந்தத் தடவை வேண்டுமென்றே மூடினேன். எனக்கு அதில் வெட்கம் கிடையாது.

காப்பி போதாது, வாங்கினவரிடம் இருக்கும் தாளையும் பார்க்கவேண்டும் என்று குழு எழுதியது. டாக்டர் மாசிலாமணிக்குக் கடிதம் சொன்னார். அன்புள்ள மாசிலாமணிக்கு என்று ஆரம்பம்! டெல்லிக் குழுவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், பஸ் சார்ஜ் தருகிறோம், பழைய வேலை காத்திருக்கிறது, மெமோவோடு வரவும். அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு, உறையில் போடுமுன், அடியில் நான் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன். ‘அவருக்கு அந்த இரண்டு வரி நினைவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை.’

குழு வந்தது. தலைவர் வயதான வங்காளத்துக்காரர். மற்ற இருவர் சென்னைக்காரர்கள். மாசிலாமணி காலை பஸ்ஸில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கனமான துணிப்பை.

“வாப்பா மாசிலாமணி! எப்படி இருக்கே?” என்று டாக்டர் போய் அவர் தோளில் கை போட்டார். தொட்டார்! “இவர்தான் என் பழைய உதவியாளர்” என்று குழுவுக்கு அறிமுகம் செய்தார். மாசிலாமணி உட்காரவில்லை. சுவரோரம் நின்றுகொண்டார். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். நன்றாகத்தான் பேசினார். “மூலப்படியை மட்டும் பார்த்துவிட்டு நகலில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. நகல் வெளியே போன பிறகு அதன்மேல் என்ன எழுதப்பட்டது என்பதைத்தான் பார்க்கவேண்டும். இதை நான் அன்றே உணர்ந்தேன்” என்று முடித்துவிட்டு, ஃபைல் படியைத் தலைவரிடம் பெருமையாக நீட்டினார். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

தலைவர் மாசிலாமணியைப் பார்த்துக் கையை நீட்டினார். மாசிலாமணி பையிலிருந்து பைபிளை எடுத்தார். அதற்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். தலைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கண் கீழே இறங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு பக்கத்திலிருந்த சென்னைக்காரரிடம் தள்ளினார்.

“எல்லாருக்கும் கேக்கறாப்பல தமிழ்ல படிங்க சார்” என்றார் மாசிலாமணி.

அவர் படித்தார். கையின் அழுக்கு. பிறந்த கூட்டம்.

டாக்டருக்கு முகம் செத்துவிட்டது. “இது... இது யாரோ பிற்பாடு எழுதினது. ஃபைல் காப்பியில் இல்லையே, பாருங்கள்!” என்றார்.

தலைவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். “அரை மணி நேரமாக நீங்கள் அதைத்தானே எங்களுக்குப் பாடம் நடத்தினீர்கள், டாக்டர். மூலப்படியில் இல்லாதது நகலில் பிற்பாடு ஏறும் என்று. இப்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள், இந்த இரண்டு வரியின் கையெழுத்து உங்களுடையதா? இல்லை என்றால் இந்தத் தாள் செல்லாது. செல்லாது என்றால் நீங்கள் ஐந்தாவது புள்ளியைப் பார்த்ததற்கு எங்களிடம் நம்பகமான ஆதாரம் இல்லை.”

டாக்டருக்கு இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் கிணறு.

நான் எழுந்து நின்றேன். “சார் எழுதினதுதாங்க. மெமோவை டைப் அடிச்சதும் நான்தான், இவர்கிட்ட குடுத்ததும் நான்தான். சார் பேனாவால எழுதினதை என் கண்ணால பாத்தேன். இவர் தாளை இடுக்கியாலதான் புடிப்பாரு. அதையும் பாத்திருக்கேன்.”

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. பார்க்கட்டும். நானும் இமைக்காமல் பார்த்தேன். கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தன்னுடைய கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார். அது அழுக்கு இல்லை, தான் செய்தது தவறு என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்.

“தமிழ்ல சொல்லுங்க சார்” என்றார் மாசிலாமணி.

“அது... அழுக்கு இல்லை.”

“கொஞ்சம் ஜோரா சொல்லுங்க. பத்து வருசமா கேக்கணும்னு நின்னுக்கினு இருக்கேன். காது மந்தமாயிடிச்சி.”

“அழுக்கு இல்லை, மாசிலாமணி. உன்... உங்கள் கையில் அழுக்கு இல்லை.”

மாசிலாமணி தலையாட்டினார். பிறகு பையைத் திறந்து நாலு கோலி சோடாவும் கண்ணாடி டம்ளரும் எடுத்து வைத்தார். கட்டைவிரலால் கோலியை அழுத்தி ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினார். குழுவினர் மூவரும் வாங்கிக் குடித்தார்கள். நாலாவது டம்ளரை டாக்டர் முன்னால் நீட்டினார்.

“குடிங்க சார். என் கையால கழுவி, என் கையால போட்டது.”

டாக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வேறு பக்கம் பார்த்தார். டாக்டர் வாங்கிக் குடித்தார். மூன்று மடக்கில் நிறுத்தினார். மாசிலாமணி நகரவில்லை. டாக்டர் முழுக்கக் குடித்து முடித்தார்.

பழைய வேலையைப் பற்றித் தலைவர் கேட்டார். “எனக்குச் சோடாக் கடையே போதுங்க” என்றார் மாசிலாமணி. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. “இன்னைக்கிக் கிழிச்சிப் போடலாம்னுதான் எடுத்தாந்தேன். இப்ப மனசு மாறிடிச்சி. டெல்லி ஃபைல்லயே இருக்கட்டும் சார். இந்தாளுக்குப் பின்னால வர்றவங்களும் படிக்கட்டும்.”

சர்க்கார் எங்கள் கூடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ஆறு மாதத்தில் முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார். ஈஸ்ட் மறுபடி புண்ணாக்கோடு மாட்டுக்குப் போனது. எனக்கு மனசு நிறைந்திருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. அன்று கூடத்தில் நாங்கள் ஆறு பேர். அவரை விட்டால் ஐந்து. அவர் கொண்டுவந்த சோடா நாலு.

அன்றே வாசல் வரை அவர் பின்னால் போய்க் கேட்டிருந்தேன். “எனக்கு இல்லையா?”

“கடை திண்டிவனத்துல இருக்குதும்மா. வேணும்னா வந்து கேளுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கடையில் அவர் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். ஜெயம் உள்ளே மெஷின் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்று அவர் கைகளைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கைத் தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

“அண்ணே, ஒரு சோடா குடுங்க” என்றேன். அப்படி அவரை நான் கூப்பிட்டது அன்றுதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

“மொதல்ல கையைக் கழுவுங்க” என்றார்.

சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தார். நான் தெருவில் நின்று இரண்டு கையையும் குவித்து நீட்டினேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். அவர் என் விரலில் படாமல், ஒரு முழம் மேலேயிருந்து ஊற்றினார்.